ஒரே பையன், இரண்டு ஹெர்னியா ஆபரேஷன், இரண்டு இரவுகள்

ஆபரேஷன் வலி தெரியாமல் இருக்க முதுகில் ஒரு ஊசி போடுவோம் என்று டாக்டர் சொன்னதுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மகனுக்கு அப்போது 14 மாதம். வலது பக்கத் தொடை இடுக்கில் ஹெர்னியா. அழும்போதெல்லாம் எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்துக்கொண்டு வரும், தூங்கினால் உள்ளே போய்விடும். பெரியவர்களுக்குப் பாரம் தூக்கி வருவது மாதிரி இல்லை இது. கருவில் இருக்கும்போது விதை கீழே இறங்கி வருகிற பாதை தானாக மூடிக்கொள்ள வேண்டும், சில பிள்ளைகளுக்கு அது மூடாமல் இருந்துவிடும், அந்த வழியாகக் குடல் இறங்கி வரும். தொப்புளில் வருகிற புடைப்பு பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும், இது அப்படி ஆகாது, குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஆபரேஷனுக்கு நாங்கள் தயங்கவில்லை. தயங்கியது அந்த ஊசிக்குத்தான்.

காரணம் என் சொந்த உடம்பு. அவன் பிறந்தது சிசேரியனில், எனக்கு முதுகில் ஊசி போட்டார்கள், அதற்குப் பிறகு குனிந்து கோலம் போட்டால்கூட இடுப்பு பிடித்துக்கொள்ளும். என் அக்கா, பக்கத்து வீட்டு அக்கா, ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "அது அந்த ஊசியாலதான்" என்பார்கள். அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏத்தா, இந்த வயசுல முதுகுத் தண்டுல ஊசி போட்டா, நாளைக்கு அவன் ஒரு மூட்டை தூக்க முடியுமா?" எனக்கும் அதே பயம். மயக்க மருந்து டாக்டர் வற்புறுத்தவில்லை. "சரிம்மா, வேற மருந்து வச்சுப் பாத்துக்கறேன்" என்றார். அவர் சொன்னபடியே செய்தார், ட்ரிப்ஸில் வலி மருந்தும் ஆசன வாயில் வைக்கிற மாத்திரையும் கொடுத்தார்கள். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை.

அன்றைக்கு இரவை நான் மறக்க மாட்டேன். காலை மடக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அழுதான், பால் குடிக்கவில்லை, டயப்பர் மாட்டக் கையைக் கொண்டுபோனாலே அலறினான். சிரப் கொடுத்தால் ஒரு மணி நேரம் அசந்து தூங்குவான், திரும்ப எழுந்து அழுவான். தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை வராந்தாவில் நானும் என் கணவரும் மாறி மாறி நடந்தோம். பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒரு பாட்டி ஆறுதலாகத்தான் சொன்னார், "பச்சப்புள்ளைக்கு என்ன தெரியும், நாளைக்கே மறந்துரும்" என்று. மறந்துவிடும்தான். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு வலித்ததே.

குழந்தைக்கு வலி தெரியாது என்று பாட்டிகள் மட்டும் நினைக்கவில்லை என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. 1980கள் வரைக்கும் பச்சைக் குழந்தைகளுக்கு வலி மருந்து சரியாகக் கொடுக்காமலேயே பெரிய ஆபரேஷன்கள் செய்த இடங்கள் இருந்திருக்கின்றன. இந்தியாவில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்த கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர், குறைமாதக் குழந்தைகளுக்கு நல்ல வலி மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தால் அவர்கள் உடம்பு படுகிற பாடு எவ்வளவு குறைகிறது என்று 1987இல் லான்செட் இதழில் காட்டினார். அதற்குப் பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. 1987 என்பது நான் பிறந்த காலத்தை ஒட்டிய வருடம், அதை நினைத்தபோது உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு 4 வயது ஆனபோது ஒரு நாள் குளிப்பாட்டும்போது பார்க்கிறேன், இடது பக்கத்தில் அதே புடைப்பு. ஒரு பக்கம் ஆபரேஷன் ஆன சில பிள்ளைகளுக்குப் பின்னால் மறு பக்கமும் வரும் என்று முதல் தடவையே சொல்லியிருந்தார்கள். இந்த முறை திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போனோம், அங்கே குழந்தைகளுக்கு மட்டுமே ஆபரேஷன் செய்கிற சர்ஜன் இருந்தார். மயக்க மருந்து டாக்டரை ஆபரேஷனுக்கு முதல் நாளே தனியாக உட்கார்ந்து பார்க்க முடிந்தது. இதை முடிந்தவர்கள் எல்லாரும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நிற்கும்போது கேட்கிற கேள்விக்கும், முதல் நாள் நிதானமாகக் கேட்கிற கேள்விக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தியேட்டர் வாசலில் நமக்குக் கேள்வியே வராது, கையெழுத்து மட்டும்தான் வரும்.

அந்த டாக்டர் அம்மா நான் பயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை, அலட்சியப்படுத்தவும் இல்லை. "உங்களுக்கு ஊசி போட்ட இடத்தைத் தொட்டுக் காட்டுங்க" என்றார். காட்டினேன். அப்புறம் என் மகனைக் குப்புறப் படுக்க வைத்து, புட்டப் பிளவு தொடங்குகிற இடத்துக்குச் சற்று மேலே, வால் எலும்புக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "இவனுக்கு இங்கதான். இதுக்குப் பேரு காடல் பிளாக்." ஓபி சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். தண்டுவடம் இந்த வயதில் இடுப்புக்கு மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கும் கீழே நரம்புகளைச் சுற்றி ஒரு பை, அந்தப் பையும் முடிந்த பிறகு வருகிற இடைவெளியில்தான் இந்த ஊசி போகிறது. எனக்குப் போட்டது அந்தப் பைக்குள்ளேயே போன ஊசி, இது பைக்கு வெளியே நிற்கிற ஊசி. மருந்து அங்கிருந்து மேலே பரவி, இடுப்புக்குக் கீழே வருகிற நரம்புகளைச் சில மணி நேரம் மரத்துப்போக வைக்கும். ஒரு கிலோவுக்கு 1 மில்லி வீதம், 15 கிலோ இருக்கும் இவனுக்கு ஏறக்குறைய 15 மில்லி, ஒரே தடவை.

என் இடுப்பு வலியைப் பற்றியும் கேட்டேன், விடவில்லை. "பையனை எந்த இடுப்புல தூக்கி வச்சுப்பீங்க?" என்றார். இடது. "வலி எந்தப் பக்கம்?" இடது. அவர் அதோடு நிறுத்திக்கொள்ளாமல் சொன்னார், பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடுகிற எபிடூரல் மருந்தைப் போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் நாள்பட்ட முதுகுவலி இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது, கர்ப்பமும் அதற்குப் பின்னால் பிள்ளை தூக்குவதும் பால் கொடுக்க வளைந்து உட்காருவதும்தான் பெரிய காரணம் என்று. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான். நான்கு வருடமாக மனதில் கட்டி வைத்திருந்தது அங்கே கொஞ்சம் அவிழ்ந்தது. முழுவதும் உடனே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு இருந்த இன்னொரு சந்தேகம், ஏற்கெனவே முழு மயக்கம் கொடுக்கிறார்கள், அப்புறம் எதற்கு இது? நிறையப் பேர் இதைக் கேட்பதில்லை. முழு மயக்கத்தில் குழந்தைக்கு எதுவும் தெரியாது, உண்மைதான், ஆனால் கத்தி பட்டதை நரம்பு மூளைக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கும், இதயத் துடிப்பு ஏறும், அதை அடக்க இன்னும் அதிகமாக மயக்க வாயுவோ மார்ஃபின் வகை மருந்தோ தேவைப்படும், மார்ஃபின் வகை மருந்தால் வாந்தி வரலாம், மூச்சு மந்தமாகலாம். நரம்பையே மரக்க வைத்துவிட்டால் மயக்கம் லேசாக இருந்தாலே போதும், விழித்த பிறகும் சில மணி நேரம் வலி தெரியாது. கத்தி வைக்கும்போது துடிப்பு ஏறவில்லை என்றால் பிளாக் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். பெரியவர்களுக்கு விழித்திருக்கும்போதே போடுகிற இந்த மாதிரி ஊசியைக் குழந்தைகளுக்குத் தூங்க வைத்த பிறகுதான் போடுகிறார்கள், அசைந்துவிட்டால்தான் ஆபத்து.

ஆபத்தே இல்லையா என்று நேராகக் கேட்டேன். இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் நம்பியிருக்க மாட்டேன். அமெரிக்காவில் பல குழந்தை மருத்துவமனைகள் சேர்ந்து, பிள்ளைகளுக்குப் போட்ட 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பிளாக்குகளைக் கணக்கெடுத்து 2018இல் வெளியிட்டதைச் சொன்னார். நிரந்தர நரம்புப் பாதிப்பு ஒன்றுகூட இல்லை. நாளடைவில் சரியாகிவிடுகிற மரப்பு, பலவீனம் மாதிரியான தொந்தரவு 10,000க்கு 2 அல்லது 3. மருந்து ரத்தக் குழாய்க்குள் போய் வலிப்போ இதயக் கோளாறோ வந்தது 10,000க்கு ஒன்றுக்கும் குறைவு. அதற்காகத்தான் ஊசியைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, திரையில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே மருந்தைச் செலுத்துவார்கள். அப்படியும் ஏதாவது ஆனால் கொடுக்க வேண்டிய, லிப்பிட் எமல்ஷன் என்கிற கொழுப்புக் கலவை மருந்து தியேட்டரில் தயாராக இருக்கும். பிளாக் சரியாகப் பிடிக்காமலும் போகலாம், அப்போது வேறு மருந்து கொடுப்பார்கள். உங்கள் டாக்டரிடமும் இந்த இரண்டையும் கேளுங்கள், அந்தக் கொழுப்பு மருந்து இருக்கிறதா, பிளாக் பிடிக்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று. குழந்தைகளுக்கு அடிக்கடி போட்டுப் பழகியவரா என்று கேட்பதிலும் தவறில்லை. நான் கேட்டேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

முழு மயக்கத்தால் மூளை வளர்ச்சி மந்தமாகுமோ என்ற பயம் என் கணவருக்கு. அதற்கும் டாக்டர் அம்மாவிடம் பதில் இருந்தது. ஹெர்னியா ஆபரேஷன் செய்த 722 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு முழு மயக்கமும் பாதிப் பேருக்கு விழித்த நிலையில் முதுகு ஊசி மட்டுமும் கொடுத்து, 5 வயது வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 2019இல் லான்செட்டில் வந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கத்தால் அறிவுத் திறனில் எந்த வித்தியாசமும் இல்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் எங்களையும் நிறையக் கேட்டார். அடிபட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்குமா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று. முதுகின் அடியில் குழியோ முடிக் கொத்தோ கட்டியோ இருக்கிறதா, தோலில் புண் இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்த்தார். இதில் எதுவும் இருந்தால் இந்த ஊசி கூடாது அல்லது யோசித்துத்தான் போட வேண்டும், அதனால் சின்ன விஷயம் என்று எதையும் மறைக்காதீர்கள். இது ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. இடுப்பு எலும்புக்குப் பக்கத்தில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே அந்தப் பக்க நரம்பை மட்டும் மரக்க வைக்கலாம், சர்ஜனே வெட்டிய இடத்தில் மருந்து போடலாம். கொஞ்சம் வளர்ந்த, எடை கூடிய பிள்ளைகளுக்கு அதுவே நல்லது என்று சொல்வார்களாம். எங்கள் பையனுக்கு அவர் காடல்தான் போடுவேன் என்றார், ஒத்துக்கொண்டோம்.

ஆபரேஷன் அன்று காலை முதல் தடவை மாதிரி ராத்திரியிலிருந்தே பட்டினி போடவில்லை. சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொன்னார்கள், சர்க்கரைத் தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை கொடுக்கலாம் என்றார்கள். அந்தத் தண்ணீர் அவனை அழாமல் வைத்திருந்தது. 11 மணிக்கு உள்ளே போனான், 12 மணிக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் கை காலை உதறிக்கொண்டு கத்துகிறான், என்னையே அடையாளம் தெரியவில்லை. பிளாக் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நெஞ்சு அடைத்துவிட்டது. அங்கிருந்த நர்ஸ், "இது வலி இல்லக்கா, கேஸ் மயக்கம் தெளியறப்ப சில பிள்ளைங்க இப்படித்தான் பண்ணும், பேர் சொல்லி மெதுவாப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் செய்த இடத்துக்குப் பக்கத்தில் லேசாகத் தொட்டுக் காட்டினார். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. கால் மணி நேரத்தில் அடங்கித் தூங்கிவிட்டான், எழுந்ததும் தண்ணீர் கேட்டான், அப்புறம் பிஸ்கட்.

அதற்குப் பிறகுதான் நான் முன்னாலேயே செய்திருக்க வேண்டிய ஒன்று புரிந்தது. "அம்மா, என் காலு எங்கம்மா?" என்று கேட்டான். கால் மரத்துப்போயிருக்கிறது, அவனுக்கு அது என்ன என்று தெரியவில்லை, போர்வையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான், உதடு பிதுங்கியது. "கால் தூங்கிட்டு இருக்கு சாமி, சாயங்காலம் எழுந்துக்கும்" என்று சொன்னதும் சமாதானமாகிவிட்டான். பேசத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் இதை முதல் நாளே சொல்லி வையுங்கள். ஒரு மணி வாக்கில் நான் திரும்பிய ஒரு நொடியில் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தான், முட்டி மடிந்துவிட்டது, கீழே விழாமல் பிடித்துக்கொண்டேன். கால் நன்றாக ஊன்றும்வரை ஒரு ஆள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத இடத்தில் சூடான ஒத்தடம் எதுவும் வைக்கக் கூடாது, சுட்டால் பிள்ளைக்குத் தெரியாது. மூன்று மணிக்கு ஒன்றுக்குப் போனான், அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்தார்கள்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம், இதில்தான் நாங்கள் தவறிவிட்டோம்.

காடல் ஊசி 4 முதல் 6 மணி நேரம்தான் வேலை செய்யும். டாக்டர் அம்மா தெளிவாகவே சொன்னார், "11 மணிக்கு ட்ரிப்ஸ்ல ஒரு டோஸ் பாராசிட்டமால் கொடுத்துட்டேன், அதனால 5 மணிக்கு அடுத்தது. வலி இருக்கோ இல்லையோ கொடுத்துருங்க." டிஸ்சார்ஜ் சீட்டிலோ அந்த ஆஸ்பத்திரியில் வழக்கமாக எழுதுகிற மாதிரி, வலி இருந்தால் மட்டும் சிரப் என்று இருந்தது. நாலரைக்குக் காரில் கிளம்பினோம். ஐந்து மணிக்கு அவன் என் மடியில் அவ்வளவு அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தான். வலி இல்லாத பிள்ளையை எதற்கு எழுப்ப வேண்டும், சீட்டிலும் அப்படித்தானே போட்டிருக்கிறது என்று விட்டுவிட்டேன். கொடைரோடு டோல்கேட்டுக்குப் பக்கத்தில் வீரிட்டு எழுந்தான். சிரப் பாட்டில் பின்னால் டிக்கியில், பையின் அடியில். ஓரமாக நிறுத்தி, பையைக் கலைத்து எடுத்துக் கொடுத்தோம். பாதியைத் துப்பினான். திரும்ப எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேட்டோம். சிரப் வேலை செய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதுவரை பிள்ளை அனுபவித்தாக வேண்டும். திண்டுக்கல் வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தான். மரப்பு போகப் போகத்தான் வலி தெரியும், அதனால் மருந்து அதற்கு முன்னாலேயே உடம்பில் ஏறியிருக்க வேண்டும். இது எனக்கு மதியமே சொல்லப்பட்ட விஷயம், கேட்டுத் தலையாட்டிய விஷயம். தூங்குகிற பிள்ளையானாலும் எழுப்பிக் கொடுங்கள்.

அன்றைக்கு இரவு போனில் அலாரம் வைத்து 12 மணிக்கும் காலை 6 மணிக்கும் கொடுத்தேன். இடையில் அவன் எழவே இல்லை. முதல் ஆபரேஷன் இரவோடு இதை ஒப்பிடவே முடியாது. வயது வேறு, ஊர் வேறு, இதை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் முதல் தடவை நான் பயந்து மறுத்ததை நினைத்து அந்த இரவு கொஞ்ச நேரம் அழுதேன்.

சிரப் விஷயத்தில் இன்னும் ஒன்று. பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு, இவனுக்கு 225 மில்லிகிராம். நம் கடைகளில் 5 மில்லியில் 125 இருக்கிற பாட்டிலும் உண்டு, 250 இருக்கிற பாட்டிலும் உண்டு, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 இருக்கும். எத்தனை மில்லி என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால், கடைக்காரர் வேறு பாட்டில் கொடுத்தால் பாதியும் போகும், இரட்டிப்பும் போகும். எங்களுக்கு 250 பாட்டிலில் நாலரை மில்லி. பாட்டிலை டாக்டரிடமே காட்டி, மூடியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐபுப்ரோஃபென் சிரப்பும் எழுதியிருந்தால் அதில் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், அப்படிக் கலந்த சிரப் நம் ஊரில் நிறைய விற்கிறது, தனியாகவும் கொடுத்து இதையும் கொடுத்தால் அளவு மீறிவிடும். பெரியவர்களுக்கு வாங்கி வைத்த மாத்திரையை உடைத்துக் கொடுப்பது, ஆஸ்பிரின் கொடுப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ராத்திரி ஆகியும் கால் ஊன்ற முடியவில்லை, எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, காய்ச்சல் ஏறுகிறது, சிரப்புக்கும் அடங்காமல் அழுகிறான் என்றால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே போன் செய்யுங்கள். அதற்கான நம்பரைக் கிளம்பும்போதே வாங்கிவிடுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் வரவேற்பறை நம்பர்தான் இருக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் தங்கை. அவள் மகனுக்கு இரண்டு வயது, ஒரு பக்க விதை இறங்கவில்லை, அடுத்த மாதம் ஆபரேஷன். முதுகில் ஊசி என்று அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள், ராத்திரி பத்து மணிக்கு போன் போட்டு "அக்கா, உனக்கு இன்னும் இடுப்பு வலிக்குதுல்ல?" என்று கேட்டாள். வலிக்கிறதுதான், எதனால் என்று எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னேன். ஓபி சீட்டில் டாக்டர் அம்மா போட்ட அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், போட்டோ எடுத்து அனுப்பினேன். புதன்கிழமை அவளுக்கு மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள், நானும் கூடப் போகிறேன்.